மீனில்லாத குளம்

மாவுத் தட்டில் கிடந்த முடியை சூப்பர்வைசர் நகத்தால் கிள்ளி எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார்.

அரிசி நீளம்தான் இருக்கும். நல்ல கறுப்பு. ஒரு முனையில் பொடி வெள்ளையாக வேர்.

ரொட்டி ஃபேக்டரியில் முடி என்றால் சும்மாவா? மெஷினை நிறுத்தியாயிற்று. ஓவனை அணைத்தாயிற்று. அந்தப் பகுதியில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் வரிசையாகக் கை கட்டி நின்றார்கள்.

மாவு பிசைகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் கடைசியில் நின்றார். அங்கே அவருக்கு நிலா என்று பெயர். வழுக்கைத் தலையில் ஓரத்து முடியையும் ஒட்ட மழித்துக்கொண்டு, அடுத்தவன் வைப்பதற்கு முன்னால் அவரே வைத்துக்கொண்ட பெயர்.

அந்த முடி யாருடையது என்று நிலா ஒருவருக்குத்தான் தெரியும்.

இடுப்புப் பிடிப்பு என்று லீவு சொல்லிவிட்டுப் போய், பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டுக்கொண்டு வந்திருந்தார். மனைவிக்கு மட்டும் தெரியும். நட்டது முதலில் உதிரும், பயப்பட வேண்டாம், அப்புறம்தான் நிஜமாக முளைக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

நிலா அதற்குப் பயப்படவில்லை. சிரிப்புக்குத்தான் பயந்தார். தலைக்கு ஏதோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த வேன் டிரைவரை, “விதை போட்டாச்சா?” என்று கேட்டுக் கேட்டு அழ வைக்காத குறையாக ஓட்டியவரே அவர்தான்.

உள்ளே வரும்போதே ஸ்டோர்காரர் எல்லோருக்கும் தலைக்கு மாட்டுகிற வலை கொடுப்பார். வலை, அதற்கு மேல் துணித்தொப்பி. நிலாவுக்கு மட்டும் வெறும் தொப்பி. மீனே இல்லாத குளத்துக்கு வலை எதற்கு என்பார். வருஷக்கணக்காக அதே ஜோக், அதே சிரிப்பு. திடீரென்று ஒரு நாள் போய், எனக்கும் ஒரு வலை கொடு என்று எந்த வாயால் கேட்பது?

கேட்கவில்லை. வரும்போதும் போகும்போதும் தலையை யார் கண்ணிலும் காட்டவில்லை. தொப்பிக்குள் அரித்தது. விரலை விட்டுச் சொறிந்துகொண்டே மாவு பிசைந்தார்.

“யாருதுன்னு சொல்லிட்டா வேற வலையை மாட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க. சொல்லலைன்னா நானே கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்புவேன்” என்றார் சூப்பர்வைசர்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. நிலா வாயைத் திறக்கத்தான் பார்த்தார். கை மட்டும் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டது.

சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்திக்கு இடுப்பு வரைக்கும் பின்னல். ஒருவருக்கு முழு நரை. இன்னொருவருக்குச் சாயம் போட்டுச் சிவந்த தலை. நிலாவின் மேல் அவர் கண் நிற்கக்கூட இல்லை.

தட்டு அடுக்குகிற பெண்ணிடம் நின்றுவிட்டார்.

அக்காவுக்குப் பிரசவம் என்று நீண்ட லீவில் போனவள், திரும்பி வரும்போது பையன் மாதிரி ஒட்டக் கத்தரித்த கன்னங்கரிய முடியோடு வந்திருந்தாள். புது ஸ்டைலா என்று எல்லோரும் கேலி பண்ணினார்கள். நிலாவும் பண்ணினார்.

“உன்னுதுதானேம்மா?”

“இல்ல சார்.”

வேறு யாருக்கு இந்த மாதிரி இருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தாள். யாராவது ஒத்துக்கொண்டுவிட மாட்டார்களா என்கிற பார்வை. நிலாவையும் பார்த்தாள். இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

அவள் தொப்பியைக் கழற்றினாள். வலையைக் கழற்றினாள். பிறகு முடியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தலை வழவழவென்று இருந்தது. புருவம்கூட மையால் வரைந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

“வேரோட விழறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல சார். வைத்தியம் இன்னும் முடியல. தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுடுவீங்களோன்னு சொல்லல.”

சூப்பர்வைசர் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்து நிலாவின் தோளைத் தொட்டார்.

“அண்ணே, அந்தப் புள்ள கூடக் கொஞ்ச நேரம் இருங்க. எங்களுக்கு என்ன பேசறதுன்னு தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்.”

மற்றவர்கள் மெஷினைப் போடப் போனார்கள். அவள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நிலா பக்கத்தில் போய் நின்றார். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

“நீங்களும் தொப்பியைக் கழட்டுங்கண்ணே. எனக்குத் துணையா இருக்கும்.”