வேலிக்கரையில் எட்டு வருடம்

அன்று சிட்னி டூங்கபி வீட்டு ஹோலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் கல்யாணசுந்தரம், அவர் மனைவி ரஞ்சினி, மகன் கபிலன், மெல்பேர்ன் வெரிபீயிலிருந்து சம்பந்தம் பேச வந்த தவம், அவருடைய மகள் மயூரா. சுவரில் மாட்டியிருந்த கபிலனின் பேஸ்பால் படத்தை மட்டும் கல்யாணசுந்தரம் காலையிலேயே கழற்றிக் கராஜில் வைத்துவிட்டார். "பந்தெறிஞ்சு பிழைச்ச பரம்பரை இல்லை நாங்கள்" என்றார்.

"வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறது நல்ல வேலைதான்," தவம் வடையைக் கடித்தார். "அதுக்கு முதல் என்னவோ பந்து விளையாடினதாம்?"

"பேஸ்பால், அங்கிள். எட்டு வருசம், சம்பளத்துக்கு" என்றான் கபிலன். "தூரத்தில, வேலிக்கரையில நிண்டு பந்து பிடிக்கிறது."

"எட்டு வருசம் வேலிக்குக் காவல்!" என்று சிரித்தார் தவம்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மயூரா.

கபிலனும் சிரித்துவைத்தான். பதினேழு வயதில் அவன் ஆட்டத்தைப் பார்க்க ஓர் அமெரிக்கக் குழுவின் ஆள் வந்திருந்தான். பார்த்தான், குறித்துக்கொண்டான், போய்விட்டான். அதன் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. இன்னொருவன் வருவான் என்றுதான் எட்டுக் கோடைகள் உள்ளூர்க் குழுவில் வெயில் குடித்தான். ஒருவரும் வரவில்லை.

"அமெரிக்கன் வந்து பார்த்திட்டுக் கழிச்சு விட்டவனாமே? கையில பெலன் காணாதாம். மெல்பேர்ன் முழுக்கக் கதை" என்றார் தவம்.

"ஓம் அங்கிள். அவைக்கு நான் காணாது." பதினான்கு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிப் பழகிய வசனம். தடங்கலில்லாமல் வந்தது.

கல்யாணசுந்தரம் கோப்பையை வைத்தார்.

"பெலன் காணாதோ? வேலிக்கரையில இருந்து எறிஞ்சவன். நிலத்தில ஒருக்காலும் முட்டாமல் நேர மற்றவன்ர கையுறைக்குள்ள போய் விழுந்தது."

கபிலன் திரும்பிப் பார்த்தான். "நீங்கள் ஒரு மட்ச்சுக்கும் வந்ததில்லையே, அப்பா. ஆர் சொன்னது?"

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள் ரஞ்சினி அவசரமாக.

தவம் பெருந்தன்மையோடு கையை விரித்தார். "விடுங்கோ அண்ணை. அமெரிக்கன் கழிச்ச பிள்ளையை நாங்கள் கழிக்கேல்லைத்தானே."

கல்யாணசுந்தரம் எழுந்தார். சம்பந்தம் போனால் போகட்டும். தன் மகனை ஒருவன் வேண்டாம் என்றான் என்ற சொல்லை, தன் வீட்டுக் கூரைக்குக் கீழ் அவர் விடுவதாயில்லை.

"அமெரிக்கன் கழிக்கேல்லை, தவம். ஒப்பந்தக் கடதாசியோட வந்து என்னட்டைக் கெஞ்சினவன், நான்தான் கையெழுத்து வைக்கேல்லை."