1985-இல் ஒரு கல்யாணம்

"ஊர்ல தாலியறுத்தவங்களுக்கெல்லாம் உருகுறாரு மிசியே. சொந்தத் தங்கச்சியை மட்டும் வாசப்படி தாண்ட விடமாட்டேங்குறாரு" என்றான் வடிவேல்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் அந்தத் தெருவே அப்படித்தான் பேசியது. மிசியே என்பது பலராமன். கட்டைப் பிரம்மச்சாரி. பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்கள் கொடி இறங்கி, துரைகள் கப்பலேறிய பிறகும், ‘ஐயா’ என்கிற அந்தப் பிரெஞ்சுப் பட்டம் மட்டும் இவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் அவர் கதை சொல்வார். ராஜா ராணிக் கதை இல்லை. முப்பது வருஷம் கழித்து, 1985-இல், இதே தெருவில் நடக்கப்போகிற கதை.

ஒரு வாரம், சேரிப் பெண்களும் தெருப் பெண்களும் ஒரே குழாயடியில் வரிசையாக நின்று வம்பளக்கிறார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த மாதம் கூடிப் பேசி, தெருக்குழாயை எல்லாருக்கும் விட்டார்கள். இன்னொரு வாரக் கதையில் இந்தத் தெருப் பெண் ஒருத்தி டாக்டராகி வந்தாள். வயசுக்கு வந்ததும் நிறுத்தி வைத்திருந்த பெண்கள் சிலர் மறுபடி பள்ளிக்கூடம் போனார்கள். நடக்காத கதைக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு கல்யாணக் கதை. பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வருகிறவள் புருஷனை இழந்தவள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. அதை ஒரு விஷயமாகவே யாரும் நினைக்கவில்லை.

கேட்ட பெண்கள் அழுதார்கள். அதே தெருவில் இருக்கும் செல்வாம்பாள் எழுந்தே விட்டாள்.

"அதுக்கு எதுக்கு முப்பது வருஷம்? தையில என் பொண்ணு கல்யாணம். அதுலயே செஞ்சி காட்டுவோம்."

படிப்பகமே கைதட்டியது.

அமிர்தவல்லி மட்டும் அங்கே இல்லை. பலராமனின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து அவளுக்கு அடுப்படியும் கிணற்றடியும் ஒரு ஜன்னலும்தான். படிப்பகத்துக் கைதட்டல் அந்த ஜன்னல் வரை கேட்கும். ஆனால் அவளோடு ரெண்டு வார்த்தை பேசலாம் என்று யாரும் அந்த வீட்டுக்குள் போனதில்லை. பாவம், சின்ன வயசு.

தை பிறக்கும் முன்பே செல்வாம்பாள் தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்தாள். பலராமன் பத்திரிகையை வாங்கிக்கொண்டதும், பொறுத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். கதை ஊராருக்கு மட்டும்தானா, கூடப் பிறந்தவளை இப்படி அடைத்து வைக்கலாமா என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

பலராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

அமிர்தவல்லி உள்ளேயிருந்து வந்து நிலையோரம் நின்றாள்.

"அண்ணனைத் திட்டாதீங்கக்கா. அது வாராவாரம் கூப்பிடுது. நாந்தான் போவல."

"ஏம்மா?"

"அண்ணன் கூட்டியாந்து உக்கார வெச்சா, அதோட முகத்துக்காக சும்மா இருப்பீங்க. உங்கள்ல ஒருத்தர் வந்து கூப்பிடணும்னு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கதையெல்லாம் நான் சொல்லி அனுப்புனதுதான்க்கா. என் கதைன்னா யாரும் கேக்கமாட்டீங்கன்னு, வெளிய சொல்லக்கூடாதுன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். பாவம், அது இவ்வளவு பேச்சும் வாங்கிட்டு நிக்குது."

செல்வாம்பாளுக்கு, இத்தனை கதை சொன்னவளை ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லையே என்று நெஞ்சு வலித்தது.

"என் பொண்ணை நீதான் கைபிடிச்சிக் கூட்டியாரணும் அமிர்தம். உன்னை முறையா அழைக்கிறேன், இரு" என்று சொல்லி, தாம்பாளத்தில் குங்குமச் சிமிழைத் தேடினாள்.

இல்லை. இந்த வீட்டில் குங்குமம் எடுத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று, சிமிழைப் பக்கத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.