மச்சான் பிடித்த கயிறு

இரண்டு முறை இழுத்தான். மேலே தூக்கு என்று அதற்கு அர்த்தம்.

கயிறு தூக்கவில்லை. தொய்ந்து, சுருள் சுருளாக அவன் தோளில் வந்து விழுந்தது.

நாலு ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில், கிணற்றுப் பாறைக்கும் மோட்டார் குழாய்க்கும் நடுவே ஏசுதாசனின் இடது கால் மாட்டியிருந்தது. சேற்றில் புதைந்த, குழாயின் அடிமுனை ஃபுட் வால்வைக் கிளப்பத்தான் இறங்கினான். அது கிளம்பியது. கூடவே குழாயும் சரிந்து அவனைப் பிடித்துக்கொண்டது.

தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. மேலேயிருந்து இழுத்தால்தான் கால் வரும்.

பதினோரு வருடம் கடலில் சங்கு குளித்தவன் அவன். தீவுகளைச் சுற்றி அடிவரை வெளிச்சம் இருக்கும். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்கும். அரசாங்கம் அந்தத் தீவுகளைக் காப்பகமாக்கி, இனி யாரும் அங்கே சங்கு குளிக்கக் கூடாது என்றது. மீன்கள் பிழைத்துக்கொண்டன. அவன் பிழைப்புத் தேடி மனைவி சுகிர்தத்தின் ஊரான தேவாரத்துக்கு வந்தான்.

இங்கே தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடற்கரை வழக்கம் ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. மூழ்குகிறவனின் கயிற்றை மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன்னோடு பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு ஞாபகம் வரலாம். மச்சானுக்குத் தங்கையின் தாலி ஒன்றுதான் ஞாபகம் இருக்கும்.

அவன் இறங்கும்போது மச்சான் சுந்தர்ராஜும் அதைச் சொல்லித்தான் கேலி செய்தான்.

"ஒங்களுக்காக இல்ல மாப்ள, எந்தங்கச்சிக்காகத்தான் புடிக்கிறேன்."

சுகிர்தம் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். தலைப்பிரசவம், நேரமாகும் என்றார்கள். சும்மா உட்கார முடியாமல் இரண்டு பேரும் இந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் ஓடி வந்து சொல்ல, பக்கத்து வீட்டு வீரணனைச் சைக்கிளோடு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

மூச்சு முட்டியது. மறுபடியும் இழுத்தான். இன்னும் கொஞ்சம் கயிறு வந்து விழுந்தது.

பீடி பற்றவைக்கப் போய்விட்டானா, படுபாவி? கோபம் தலைக்கேறியது. அது இறங்கியதும் பயம் வந்தது. பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போகப்போகிறேனே என்று தண்ணீருக்குள்ளேயே அழுதான்.

வாய் தானாகத் திறந்த நேரத்தில் இடுப்பை அறுப்பதுபோல் கயிறு இறுகியது. கணுக்கால் தோலைப் பாறையிடம் விட்டுவிட்டுக் கால் கழன்று வந்தது.

படியில் கிடந்து தண்ணீரைக் கக்கினான். மச்சானைத் திட்ட வாயெடுத்தவன் அவன் கைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இரண்டு உள்ளங்கைகளும் உரிந்து ரத்தம் வழிந்தது.

கிணற்று மேட்டில் சைக்கிள் விழுந்து கிடந்தது. அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வீரணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

அவனைப் பார்த்ததும் ஏசுதாசனுக்கு வலி, கோபம் எல்லாம் மறந்துபோயின. சந்தோஷத்தில் சிரித்தான்.

"ஏலே வீரணா, என்ன புள்ள?"

"புள்ள சொகந்தாண்ணே," என்றுவிட்டு வீரணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏசுதாசன் கரையேறிவிட்டான். இனிக் கயிறு தேவையில்லை. சுந்தர்ராஜ் அதை இன்னொரு சுற்று கையில் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.