ஏழாயிரம் அடியில் எந்தப் பெட்ரோல்?

"சாதா பெட்ரோலா? என் வண்டிக்கா? எதுக்கு எதை ஊத்தறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமாம்மா?"

கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். மலைச்சாலையின் கடைசி பெட்ரோல் பங்க் அது. அதை விட்டால் கணவாயைத் தாண்டி அறுபது கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு கிடைக்காது. அவர் வண்டியிலோ முள் அடியில் படுத்துவிட்டது.

பெட்ரோல் போடும் அக்கா பதறவில்லை. வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துவிட்டு, டேங்க் மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இது ஏழாயிரம் அடி. காத்து லேசு. இஞ்சினுக்குள்ள அழுத்தம் குறைச்சல். கீழ தொண்ணூத்தஞ்சு ஆக்டேன் கேக்கற வண்டிக்குக்கூட இங்க சாதா தொண்ணூத்தொண்ணே தாராளம்."

"எனக்கே பாடமா? ஆறு வருஷமா ஓட்டறேன். பெத்த பிள்ளை மாதிரி. தொண்ணூத்தஞ்சைத் தவிர வேற எதையும் இது மோந்துகூடப் பாத்ததில்ல!"

"அப்படியா சார்?" அக்கா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "எதுக்கும் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"பெட்ரோல் போட மேனேஜரா? விளங்கிடும்!"

அவள் அறைக்குள் போனாள். பின்னால் ஸ்கூட்டரில் காத்திருந்த பெரியவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் அறிவியல் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்றபின், பாடம் எடுக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது நூத்துக்கு நூறு சரி தம்பி. ஆக்டேன்னா சக்தி இல்ல. அழுத்தம் தாங்கற குணம். அழுத்தமே இல்லாத இடத்துல அதிக ஆக்டேன் எதுக்கு? மொட்டைத் தலைக்குச் சீப்பா?"

"வாத்தியாரே, அதெல்லாம் அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிக்கு," என்றபடி அடுத்திருந்த ஜீப்காரர் இறங்கி வந்தார். "இப்ப டர்போ இருக்கு. காத்தை அதுவே அமுக்கிக்கும். மலையும் ஒண்ணுதான், கடற்கரையும் ஒண்ணுதான். தொண்ணூத்தஞ்சுதான் போடணும்."

"நீ எந்தப் பள்ளிக்கூடத்துலப்பா படிச்சே?"

"உங்ககிட்டதான் சார் படிச்சேன். அதான் இவ்வளவு சந்தேகம்."

சிரிப்புச் சத்தம் கேட்டு வரிசையே கூடிவிட்டது. இரண்டு பேர் கைப்பேசியைத் திறந்து ஆளுக்கொரு வீடியோவைக் காட்டினார்கள். இரண்டிலும் பேசியவன் ஒரே ஆள். ஒன்றில் சாதா போதும் என்றான், மற்றதில் கூடவே கூடாது என்றான். கூட்டமே, கணிதப் பரீட்சை எழுதுவதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தது.

அக்கா திரும்பி வந்தாள். "மேனேஜர் ஃபோன்ல பேசிட்டிருக்கார் சார். இதோ, ஆயிடும்."

பத்து நிமிடம் போனது. வாத்தியார் காற்றின் எடையைக் கையால் அளந்து காட்டினார். ஜீப்காரர் பானெட்டின் மேல் விரலால் டர்போவை வரைந்தார். கறுப்புக் கண்ணாடிக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, போதும்! சாதாவே ஊத்தித் தொலைம்மா. நான் போகணும்!"

வாத்தியார் வெற்றிப் புன்னகையோடு திரும்பினார். ஆனால் அக்கா தலையை ஆட்டினாள்.

"அவசரப்படாதீங்க சார். கணவாயைத் தாண்டினா ஒரே இறக்கம். கீழ போகப் போக காத்து கனக்கும். சாதாவோட இறங்கினா இஞ்சின் டொக்கு டொக்குனு தட்டும். பெத்த பிள்ளைன்னீங்களே, மனசு கேக்குமா?"

"இவ்வளவு நேரம் சாதா போதும்னு நீதானேம்மா சொன்னே!"

"ஏறுறதுக்குச் சொன்னேன் சார். இறங்குறதுக்குச் சொல்லலையே."

"ஆகா, நுட்பமான பாயிண்ட்!" என்றார் வாத்தியார். அன்று முதல்முறையாக ஜீப்காரரும் தலையசைத்தார்.

"அப்ப தொண்ணூத்தஞ்சே ஊத்து!"

"ஏறும்போது வீணாப் போகுமே சார்."

"பாதிக்குப் பாதி கலந்துட்டா?" என்று யாரோ பின்னாலிருந்து சமாதானம் பேசினார்கள். எதை முதலில் ஊற்றுவது என்பதில் அடுத்த சண்டை மூண்டது. கனமானது அடியில் தங்குமா, லேசானது மேலே மிதக்குமா என்று கட்சி பிரிந்தது. கறுப்புக் கண்ணாடி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். ஹாரன் அலறியது.

அப்போதுதான் ஒரு போலீஸ் வண்டி வேகமாக வந்து அவர் காருக்கு முன்னால் குறுக்கே நின்றது.

"யாரா இருந்தா என்ன? வரிசையில வாங்க!" என்று அதட்டினார் வாத்தியார்.

இறங்கிய இன்ஸ்பெக்டர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கறுப்புக் கண்ணாடியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"மேனேஜர் ஃபோன்ல சொன்ன வண்டி இதுதானாம்மா?"

"ஆமாங்க. காலையில எங்க வீட்டு வாசல்ல இருந்து காணாமப் போனது," என்றாள் அக்கா. "சாவியே இல்லாம வண்டியைக் கிளப்பத் தெரிஞ்ச மனுஷனுக்கு, அது டீசல் வண்டின்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியல சார்."