தூளியில் வெங்காயம்

எழுபத்தேழாம் வருஷப் புயலில் பிழைத்தவர்களின் கதைகளை டேப்பில் பதிந்து வைக்க ஊர் ஊராய்ப் போனவர் சவரிமுத்து. மருதையாற்றங்கரைப் பொன்னாயி, கைக்குழந்தை செல்லக்கிளியை வெள்ளம் பிடுங்கிப் போனதைச் சொல்லி அழுதிருந்தாள். அன்று சாயங்காலம் ரேடியோவில் பிடித்த சினிமாப் பாட்டு வந்ததும், அவர் அவசரத்தில் அந்தக் கேசட்டிலேயே பதிந்துவிட்டார். பொன்னாயியின் குரல் அழிந்துபோனது.

மறுவாரம் கூனிக்குறுகிப் போய் நின்றார்.

"மன்னிச்சிடும்மா. பாப்பா கதையை இன்னொரு தரம் சொல்லணும்."

"எந்தப் பாப்பாங்க சார்? எனக்குப் புள்ளையே பொறக்கலைங்களே."

பக்கத்து வீட்டுக்காரியும் ஆமாம் என்று தலையாட்டினாள். உத்தரத்தில் தூளி தொங்கியது. அதில் சின்ன வெங்காயம் கொட்டியிருந்தது.

செல்லக்கிளி என்ற பெயரைச் சொல்லாமலே அவர் வாசலுக்கு நடந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பொன்னாயி வெங்காயத் தூளியை ஆட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அவர் பதிந்த அதே பாட்டு.