காலை இறக்காதவள்

அர்ச்சுனனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அவன் பொண்டாட்டி நவமணி சுவரோரம் ஒரு நாற்காலியில் சாய்ந்து, இடது காலைத் தூக்கி இன்னொரு நாற்காலிமேல் போட்டிருந்தாள். பாதம் நேரே புருஷன் முகத்தைப் பார்த்திருந்தது.

தெலுக் இந்தானிலிருந்து விடியும்போது ஈப்போ வந்து இறங்கிய மங்களத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். செத்தவனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. அழ வாயைத் திறந்தவள் அழாமல் நேரே நவமணியிடம் போனாள்.

"காலை எறக்கு நவமணி. சனம் பாக்குது."

"முடியாதுங்க அண்ணி."

அவ்வளவுதான் பதில்.

அந்தக் காலின் கதை மங்களத்துக்குத் தெரியாததில்லை. கர்ப்பப்பையில் புற்று என்று ஆபரேஷன் பண்ணினார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் உள்ளே ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் இடது கால் வாழைத்தண்டு கணக்காய் வீங்கிக்கொண்டது. நிணநீர் வீக்கமாம். தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். உப்பைக் குறை, தினம் நட, உட்கார்ந்தால் காலை உயர்த்தி வை, அழுத்தமாய்த் துணி சுற்று.

சரி, செய்யட்டும். ஆனால் பொண்டாட்டிக்கு நோவென்றால் புருஷனுக்குமா உப்பில்லாக் குழம்பு? தெலுக் இந்தானுக்கு வரும்போதெல்லாம் தம்பி கருவாட்டுச் சம்பலை வழித்து வழித்துத் தின்பதைப் பார்த்தால் மங்களத்துக்கு வயிறெரியும். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவன், சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு திடலைச் சுற்றி நடக்கணுமாம். அவள் காலுக்கு நீ கூலியாளா என்று ஒரு தரம் கேட்டே விட்டாள். அவன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

அப்படிப்பட்டவன்தான் நேற்றுக் காலை வேலையிடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

பொழுது ஏற ஏறச் சனம் கூடியது. முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து மாலை போட்டு அழுதார்கள். நவமணி கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பாதத்தை மேலும் கீழும், மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பொணத்துக்கு முன்னால காலாட்டுறா பாரு."

"உள்ளுக்குள்ள பாட்டு ஓடுது போல லா."

பின்னாலிருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டது மங்களத்தின் முதுகில் ஊசியாய் இறங்கியது.

பக்கத்து வீட்டுப் பிரமிளா சூப் வைத்துக் கொண்டுவந்தாள். நேற்றிலிருந்து ஒன்றும் படாத வாய், என்ன இருந்தாலும் தம்பி பொண்டாட்டி என்று மங்களமே கிண்ணத்தை வாங்கி நீட்டினாள். நவமணி கையை நீட்டவில்லை. உப்புப் போட்டதா என்று கேட்டாள்.

எழவு வீட்டில் உப்பு விசாரிக்கிற பொம்பிளையை மங்களம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பிரமிளா நல்லவள். காலில் சுற்றியிருந்த துணி நேற்றையதாச்சே, தினம் மாற்றுவீர்களே, நான் அவிழ்த்துப் புதிதாய்ச் சுற்றிவிடவா என்று குனிந்தாள். நவமணி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வீங்கினாத்தான் அவுக்கணும். இன்னும் வீங்கல."

பிரமிளா முகம் சுண்டி எழுந்து போனாள்.

மதியம் எடுக்கிற நேரம் வந்தது. இவர்கள் சனத்தில் பிணத்தை எடுக்கும் முன்னாலேயே தாலி வாங்கிவிடுவது வழக்கம். தலையோடு தண்ணீர் ஊற்றி, பொட்டழித்து, ஈரப் புடவையோடு புருஷனைச் சுற்றி வரச் செய்வார்கள். தோட்டத்திலிருந்த காலம் தொட்டு இந்தக் காரியத்துக்கு முன்னால் நிற்கிற முத்தம்மா குடத்தோடு வந்தாள். வெறுங்காலாய்ச் சுற்றணும், காலில் கிடக்கிற துணியை எல்லாம் அவிழ் என்றாள்.

நவமணி மாட்டேன் என்றாள். தலையில் கொஞ்சம் தெளித்தால் போதும், காலில் தண்ணீர் படக்கூடாது என்றாள்.

கூடம் சலசலத்தது. முத்தம்மா குடத்தைத் தரையில் வைத்துவிட்டு மங்களத்தைப் பார்த்தாள். நாத்தனார் நீ, நீதான் சொல்லணும் என்கிற பார்வை.

விடிந்ததிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மங்களத்துக்குப் பொங்கி வந்துவிட்டது.

"என் தம்பி அங்க கட்டையா கெடக்கான். உனக்கு இன்னிக்கும் உன் காலுதானா? அவனுக்காக ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்தக் காலை மறக்க மாட்டியா நீ?"

சொன்னவள் விறுவிறுவென்று குனிந்து துணியின் முனையைப் பிடித்தாள். முனையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி சர்ரென்று கிழிந்து கையோடு வந்தது.

அதுவரை கல்லாய் இருந்த நவமணி இரண்டு கையாலும் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று கதறினாள். யாரும் கிட்டே வருவதற்குள் தன் கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றி மங்களத்தின் கைக்குள் திணித்தாள்.

"இத எடுத்துக்கங்க அண்ணி. காலுல உள்ளத மட்டும் விட்டுருங்க. பொண்டாட்டி காலைத் தொடுறான்னு தெரிஞ்சா அக்கா தாங்காதுன்னு, யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. தெனம் காலையில தரையில உக்காந்து, மடியில போட்டு, அவருதான் சுத்திவிடுவாரு. கால் வீங்கிட்டா இத அவுத்துத்தான் ஆகணும், அதான் எறக்காமயே வச்சிருக்கேன். இது நேத்து வேலைக்குப் போறப்ப அவரு கையால சுத்தினது."