நாலு வயதுக்கானது

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஐந்து வயதுக்குள் மனித மூளை தொண்ணூறு விழுக்காடு வளர்ந்து முடிந்துவிடுகிறது. பிரிஞ்சாங் மலை நகரில் ஒரு பொம்மைக் கடை வாசலில் ஓராள் உயரத்துக்கு அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். மீதிப் பத்து விழுக்காட்டை வைத்துக்கொண்டுதான் நாமெல்லாம் கல்யாணம் கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம்.

செல்வராஜு அதை இரண்டு தடவை படித்தான். செருப்பில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணை வாசலிலேயே தேய்த்துவிட்டு, மனைவி பிரேமலாவின் பின்னால் உள்ளே போனான்.

வரவேற்றவள் தனுஜா. சட்டையில் 'குழந்தை வளர்ச்சி ஆலோசகர்' என்று ஒரு பட்டை. போன மாதம்வரை இதே கடையில் ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை விற்றவள்தான். மூன்று நாள் கோர்ஸ் போனாள். ஆலோசகராகத் திரும்பி வந்தாள்.

"புள்ளைக்கு எத்தன வயசுண்ணே?"

"ரெண்டு" என்றான் செல்வராஜு.

"நாலு" என்றாள் பிரேமலா.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

தனுஜா சிரித்தாள். "என்னண்ணே, சொந்தப் புள்ள வயசுலயே சண்டையா? ஒரு முடிவுக்கு வாங்க லா."

பிறகு விளக்கினாள். ரெண்டு வயது என்றால் வளையம் அடுக்கும் பொம்மை. கண்ணும் கையும் ஒத்துழைக்கும். நாலு வயது என்றால் பேசும் படப்பலகை. அறிவாற்றல், மொழியாற்றல், இன்னும் இரண்டு ஆற்றல்கள். வயது தப்பினால் ஆர்வம் போகும், ஆளுமை போகும். சொன்ன வேகத்தில் நாடே போய்விடும் போலிருந்தது.

"தப்பான பொம்மைய வெச்சா புள்ள திரும்பிக்கூடப் பாக்காது."

பிரேமலா கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கங்க. நான் சொன்னா மட்டும் ஏறாது."

"புள்ளையோட மைகிட் அடையாள அட்டை இருந்தா குடுங்கக்கா. தேதியப் பாத்து நானே சொல்லிர்றேன்."

"அத அப்பவே பதிவு ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்கமா. புள்ள செத்துட்டா திருப்பிக் குடுத்துறணுமாம்."

தக்காளி என்ன விலை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

தனுஜாவின் கையிலிருந்த வளையம் கம்பியில் இறங்காமல் பாதியில் நின்றது.

நாளைக்கு அவர்கள் மகன் குகனேஸ்வரனின் இரண்டாம் வருஷத் திதி. ரெண்டு வயது முடிந்த வாரத்தில் காய்ச்சல் கொண்டுபோனது. படையலில் பிடித்ததை வைத்தால்தான் போனவர் வருவார். பெரியவர்கள் விஷயத்தில் சிக்கலே இல்லை. செல்வராஜுவின் அப்பாவுக்கு ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் வறுத்த கடலையும் போதும். இலை விரிப்பதற்குள் காக்காய் கூரையில் உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைக்குப் போன வருஷம் பால் போத்தலும் ரஸ்க்கும் வைத்தார்கள். இருட்டும்வரை ஒரு காக்காய் வரவில்லை. அன்றைக்கே பிரேமலா முடிவு கட்டிவிட்டாள்.

"வளர்ற புள்ள. இன்னும் போத்தல நீட்டுனா வருவானா?"

"செத்த புள்ள எங்கடி வளருது? காக்கா என்ன, பொம்மையத் திங்குமா?"

ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. கடைசியில் பொம்மை வைக்க அவன் ஒத்துக்கொண்டான். வயதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிய மாதம் பிறந்தவன் குகன். தேயிலைச் செடியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை கட்டையாக வெட்டிவிடுவார்கள். அந்த மலை போன வாரம் மறுபடி கவ்வாத்துக்கு வந்தது. வெட்டியவனே செல்வராஜுதான். பாதியில் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கங்காணி கருப்பையா வந்து, "என்னப்பா, மலைய வாங்கிட்டியா?" என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நாலு வயதுப் பையன் ஒருவனை அவனுக்குப் பழக்கமில்லை. அதுதான் விஷயம். தெரிந்தது ரெண்டு வயதுக்காரனைத்தான். தோளில் தூங்கும்போது எந்தப் பக்கம் எச்சில் வழியும் என்பதுவரை தெரியும். நாளைக்கு நாலு வயதில் ஒருவன் வந்து நின்றால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

தனுஜா பட்டையைத் தடவிக்கொண்டு நின்றாள். மூன்று நாள் கோர்ஸில் இதற்குப் பாடம் இல்லை.

செல்வராஜுதான் வாய் திறந்தான்.

"ஏம்மா, நாலு வயசுல பேச்சு நல்லா வந்துருமா?"

"வந்துரும்ணே." ஆலோசகரின் குரல் போய், பக்கத்து ஊர் ரிங்லெட்டில் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவளின் குரல் வந்திருந்தது. "வாய மூட மாட்டாங்க. ஏன், எதுக்குன்னு கேட்டே உயிர எடுத்துருவாங்க."

குகன் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. ஒன்று 'லோரி'. இன்னொன்று 'தா'. அடுத்து 'அப்பா'தான் வந்திருக்கும் என்று பிரேமலா சொல்வாள்.

செல்வராஜு வளையத்தை நகர்த்திவிட்டு, நாலு வயதுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். பிரேமலா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டாமல் அந்தக் கடையில் பில் போடுவதில்லை. தனுஜா பலகையை மேசைமேல் வைத்துப் பொத்தானைத் தட்டினாள். விளக்குகள் எரிந்தன. பூனை எங்கே என்று அது மலாயில் கேட்டது.

பூனைப் படம் மூவருக்கும் நேர் எதிரேதான் இருந்தது.

மறுபடி கேட்டது. மூன்றாம் தடவை, பரவாயில்லை, இன்னொரு முறை முயற்சி செய் என்றது.

யாரும் அழுத்தாவிட்டால் அது தானாக அணைந்துவிடும்.